ஓடுற வண்டியில ஒரு அடுப்பு

கேரவன்னு சொன்னா நம்ம ஊர்ல முதல்ல ஞாபகம் வர்றது சினிமா ஷூட்டிங்தான். ஷாட் ரெடின்னு கூப்பிடுற வரைக்கும் ஹீரோ ஏ.சி. போட்டு உக்காந்திருக்கிற வண்டி :-) உண்மையில அது பாரசீக வார்த்தை. 'கார்வான்'னா பாலைவனத்துல ஒட்டகத்தோட சேர்ந்து போற வணிகர் கூட்டம். அந்தப் பேர் எங்கெங்கயோ சுத்தி, வெளிநாட்டுல படுக்கை, கக்கூஸ், அடுப்பு எல்லாம் வச்ச சுற்றுலா வண்டிக்கு வந்து சேர்ந்துடுச்சு.

அந்த மாதிரி வண்டி நம்ம கிட்ட இல்லைன்னு நினைக்கிறவங்க, மார்கழி மாசத்துல திருப்பத்தூர் பக்கம் வந்து ரோட்டோரமா கொஞ்ச நேரம் நின்னா போதும். சபரிமலைக்குப் போற வேன், மேல்மருவத்தூருக்குப் போற பஸ், ராமேஸ்வரம் - கன்னியாகுமரின்னு பேனர் கட்டின டூரிஸ்ட் பஸ். டிக்கிய திறந்தா அரிசி மூட்டை, அண்டா, கரண்டி, ஒரு பெரிய பர்னர், அதுக்குப் பக்கத்துலயே சிவப்பு சிலிண்டர். கூடவே ஒரு சமையல் மாஸ்டர். படுக்கை மட்டும்தான் இல்ல, சீட்டுலயே தூங்கிக்குவாங்க. மத்தபடி அதுவும் கேரவன்தான். அமெரிக்காக்காரன் அதுக்கு ஒரு பேர் வச்சிருக்கான், நாம வைக்கலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வண்டிகளுக்குள்ள அடுப்பு எப்படி ஏறிச்சுங்கிற கதையத்தான் இங்க சொல்லப் போறேன். நடுவுல கொஞ்சம் கணக்கும் வரும், பொறுத்துக்கணும்.

முதல்ல மதுரை. 2023 ஆகஸ்ட் 26, சனிக்கிழமை. லக்னோவிலிருந்து ஆகஸ்ட் 17 அன்று கிளம்பின ஒரு தனியார் சுற்றுலாப் பெட்டி, நாகர்கோவில்ல புனலூர் - மதுரை எக்ஸ்பிரஸோட இணைக்கப்பட்டு, விடிகாலை 3.47க்கு மதுரை வந்தது. அங்க பெட்டியக் கழட்டி, போடி லைன் பக்கம் தனியா நிறுத்தினாங்க. மொத்தப் பெட்டியையும் வாடகைக்கு எடுத்து, ஊர் ஊரா ரயில்களோட மாட்டிக்கிட்டுப் போற ஏற்பாடு இது. நிக்கிற இடத்துல அதுதான் வீடு, தூங்குறது எழுந்திருக்கிறது எல்லாம் அதுலயே. தண்டவாளத்து மேல ஓடுற கேரவன்னே சொல்லலாம்.

காலை 5.15 மணிவாக்குல பெட்டிக்குள்ள தீ. யாரோ டீ போட அடுப்பப் பத்த வச்சிருக்காங்க, சிலிண்டர் வெடிச்சிருக்கு. தீய முழுசா அணைக்கிறதுக்கு 7.15 ஆயிடுச்சு. 9 பேர் செத்துப் போனாங்க. ராமேஸ்வரம், கன்னியாகுமரின்னு தெற்க ஒருதடவ கண்ணால பாத்துடணும்னு உத்தரப் பிரதேசத்துலருந்து வந்த ஜனங்க. எரிஞ்ச பெட்டிக்குள்ளருந்து சிலிண்டரோட, உருளைக்கிழங்கு மூட்டை, பாத்திரம், விறகுக் கட்டை எல்லாம் எடுத்ததா செய்திகள்ல வந்தது. விதிய மீறி, மறைச்சு சிலிண்டர் ஏத்திட்டு வந்திருக்காங்கன்னு தெற்கு ரயில்வே அன்னிக்கே அறிக்கை விட்டுச்சு.

அன்னிக்கு டிவி பாத்தவங்க நிறைய பேர் "அறிவிருக்கா, யாராவது ரயிலுக்குள்ள கேஸ் அடுப்பு வைப்பாங்களா"ன்னு சொன்னாங்க. எனக்கு அப்படி ஒரே வரியில கடந்து போக முடியலை. இங்கருந்து காசிக்குப் போற நம்ம பெருசுங்க என்ன பண்றாங்க? பத்து நாள் சப்பாத்தி சாப்பிட முடியாதுன்னு ரசப்பொடியிலருந்து அப்பளம் வரைக்கும் மூட்டை கட்டிக்கிட்டுதானே போறாங்க. அதே மாதிரி அவங்களுக்கு நம்ம இட்லி சாம்பார் ஒத்துக்கலை. காலையில அவங்க ஊரு டீ வேணும். யாத்திரைங்கிறது சாமியோட மட்டும் முடியுற விஷயமில்ல, வயித்தையும் கூட்டிக்கிட்டுதான் போகணும்.

பழைய காலத்துல இதுக்கு என்ன வழி வச்சிருந்தாங்க? கட்டுச்சோறு. புளியோதரையக் கிளறி மூட்டை கட்டினா ரெண்டு நாள் தாங்கும். அதுக்கும் மேல நாளாச்சுன்னா சத்திரம். சத்திரமும் இல்லைன்னா வண்டிய அவுத்துப் போட்டுட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, மரத்தடியில மூணு கல்லக் கூட்டி உலை வைக்கிறது. இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. நெருப்பு வண்டிக்குள்ள ஏறவே இல்ல. மூங்கில் கூடு போட்டு உள்ள வைக்கோல் பரப்பின வண்டியில நெருப்பு ஏத்துறதுக்கு யாருக்கு தைரியம் வரும்? விறகடுப்பு தானாவே இடத்தத் தள்ளி வச்சுடும். புகை கண்ணக் கரிக்கும், வெளிய போடான்னு விரட்டும். விறகோட பாதுகாப்பே அதோட தொல்லைதான்.

வண்டிக்குள்ள அடுப்பு ஏறின கதை இங்கிலாந்துல தொடங்குது. 1885ல கார்டன் ஸ்டேபிள்ஸ்னு ஒரு டாக்டர், 'வாண்டரர்' அப்படின்னு ஒரு குதிரை வண்டி வீடு செஞ்சு ஊர் சுத்தக் கிளம்பினார். எடை ரெண்டு டன்னுக்குப் பக்கம். பொழுதுபோக்குக்காகவே கட்டின முதல் கேரவன்னு அதத்தான் சொல்றாங்க. உள்ள சமைக்க எண்ணெய் அடுப்பு வச்சிருந்தார். 1892ல ஸ்வீடன்ல லிண்ட்க்விஸ்ட்ங்கிறவர் 'பிரைமஸ்' அடுப்பக் கொண்டு வந்தார். நம்ம பாட்டிங்க காலத்து பம்ப் ஸ்டவ் அதோட வாரிசுதான். உஸ்ஸுன்னு சத்தம் போடும், பின் வச்சு குத்தணும், மண்ணெண்ணெய் நாத்தம் வீடெல்லாம் அடிக்கும். இந்தச் சத்தமும் நாத்தமும்கூட ஒரு காவல்தான், பக்கத்துல நெருப்பு இருக்குன்னு அது சொல்லிக்கிட்டே இருக்கும்.

அடுத்து வந்ததுதான் சத்தமில்லாத ஆள்.

கேஸ் பொறந்த கதையே ஒரு வண்டியிலதான் தொடங்குதுங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். 1910, அமெரிக்காவோட பிட்ஸ்பர்க் நகரம். ஃபோர்டு மாடல் டி கார் வச்சிருந்த ஒருத்தர், "நான் காசு குடுத்து வாங்குற பெட்ரோல் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள பாதி ஆவியாப் போயிடுது, இது என்ன அநியாயம்"னு புகார் பண்ணினார். அரசாங்கத்தோட சுரங்கத் துறையில வேலை பார்த்த வால்டர் ஸ்னெல்லிங்ங்கிற வேதியியலாளர் இத ஆராய எடுத்தார். ஒரு ஜாடியில பெட்ரோல் புடிச்சுக்கிட்டு ஆய்வுக்கூடத்துக்கு நடந்தா, வழியெல்லாம் தக்கை டப்பு டப்புன்னு தெறிச்சுக்கிட்டே வந்ததாம். அப்படி ஓடிப்போற ஆவியப் பிரிச்சுப் பார்த்தா புரோப்பேன், பியூட்டேன். அழுத்தம் குடுத்தா தண்ணி மாதிரி திரவமாகுது, திறந்து விட்டா சுமார் 250 மடங்கு விரிஞ்சு வாயுவாகுது. 1913ல காப்புரிமை வாங்கினார். தூக்கிட்டுப் போகக் கூடிய நெருப்பு கிடைச்சாச்சு.

ஆனா அதுக்கு வாசனையே கிடையாது. இன்னிக்கு நாம 'கேஸ் வாசனை'ன்னு மூக்கச் சுளிக்கிறது, எத்தில் மெர்காப்டன்னு ஒரு கந்தகச் சேர்மத்தோட வாசனை. வேணும்னே கலக்குறாங்க. இதுக்குப் பின்னால பெரிய விலை இருக்கு. 1937 மார்ச் 18, டெக்சாஸ் மாநிலத்துல நியூ லண்டன்ங்கிற ஊர். பள்ளிக்கூடத்துக் கட்டடத்துக்கு அடியில குழாயிலருந்து கசிஞ்ச இயற்கை எரிவாயு தேங்கி, ஒரு பொறியில வெடிச்சது. ஏறத்தாழ 300 பேர் செத்தாங்க, பெரும்பாலும் பசங்க. வாசனை இல்லாததால ஒருத்தருக்கும் தெரியலை. அதுக்கப்புறம்தான் வாசனை சேர்க்கணும்னு அங்க சட்டம் போட்டாங்க, மத்த இடங்களுக்கும் அது பரவிச்சு. அடுத்த தடவ அடுப்படியில அந்த நாத்தம் வந்தா, அந்தப் பசங்க ஞாபகம் எனக்கு வரும்.

இந்தியாவுக்கு வருவோம். 1955ல பம்பாய்ல பர்மா ஷெல் கம்பெனி சமையல் கேஸ் விக்க ஆரம்பிச்சது. 1965ல கல்கத்தாவுல இண்டேன். ரொம்ப வருஷம் கேஸ் கனெக்ஷன்ங்கிறது பதிஞ்சு வச்சுட்டுக் காத்திருக்கிற சொத்து. எண்பதுகள்ல கல்யாணப் பேச்சுல மாப்பிள்ளை வீட்டுல கேஸ் இருக்கான்னு கேப்பாங்கன்னு வீட்டுல சொல்லக் கேட்டிருக்கேன். தமிழ்நாட்டுல 2006 தேர்தல் வாக்குறுதிப்படி 2007லருந்து இலவச கேஸ் அடுப்பு குடுத்தாங்க. 2016ல மத்திய அரசோட உஜ்வலா திட்டம் வந்தது. ஜவ்வாது மலைக் கிராமங்கள் வரைக்கும் சிலிண்டர் ஏறிச்சு. நல்ல விஷயம், சந்தேகமே இல்ல. புகையில இருமிக்கிட்டே சமைச்ச பொம்பளைங்களக் கேட்டா தெரியும்.

ஆனா அந்த சிலிண்டர் வீட்டுக்காகச் செஞ்சது. நகராத தரை, ஜன்னல் வச்ச அடுப்படி, நிமிர்ந்து நிக்கிற 14.2 கிலோ. அத அப்படியே தூக்கி பஸ் டிக்கியில வைக்கும்போது என்ன மாறுதுன்னு பார்க்கணும்.

முதல் விஷயம், இந்த கேஸ் காத்தவிட கனம். புரோப்பேன் ஒண்ணரை மடங்கு, பியூட்டேன் ரெண்டு மடங்கு. கசிஞ்சா மேல போகாது, தண்ணி மாதிரி தரையில ஓடி, பள்ளத்தப் பார்த்துத் தேங்கும். 2012 ஆகஸ்ட் 27 அன்று கேரளாவுல கண்ணூர் பக்கம் சாலங்கிற இடத்துல ஒரு கேஸ் டேங்கர் லாரி கவுந்தப்போ இதத்தான் பாத்தோம். வாயு தரையோட தரையா வீடுகள் பக்கம் பரவி, அப்புறம் பத்திக்கிச்சு. 20 பேர் இறந்தாங்க. வீட்டு அடுப்படியில கதவத் திறந்தா வாசப்படி வழியா வெளிய போயிடும். பஸ்ஸுக்குத் தரை ஒரு தொட்டி மாதிரி. படிக்கட்டுப் பள்ளம், சீட்டுக்கு அடி, டிக்கியோட மூலை எல்லாத்துலயும் தேங்கி நிக்கும். ஜன்னல் திறந்திருக்கேன்னு சமாதானப்பட முடியாது, ஜன்னல் இடுப்புக்கு மேல இருக்கு.

ரெண்டாவது, அளவு. காத்துல சுமார் 2 சதவீதம் கலந்தாலே பத்திக்கும். கவர் பின்னாடி போட்ட கணக்கு ஒண்ணு சொல்றேன், பொறியியல் படிச்சதுக்கு இதாவது உதவட்டும் :-) ஒரு முழு சிலிண்டர் வாயுவானா கிட்டத்தட்ட 6.5 கன மீட்டர். 2 சதவீதம்னு வச்சா, 300 கன மீட்டருக்கு மேல காத்த பத்துற நிலைக்குக் கொண்டு வரும். ஒரு ரயில் பெட்டியோட உள்பக்கம் சுமாரா 160 கன மீட்டர்தான். பெரிய பஸ் ஒண்ணு 45ன்னு வச்சுக்கிட்டா, ரெண்டு கிலோ கேஸ் கசிஞ்சாலே முழு பஸ்ஸும் ஆபத்து. வேன்னா முக்கால் கிலோ. அதுவும் ஒரே சீரா கலந்தாதான் இந்தக் கணக்கு. தரையிலயே தேங்குறதால இன்னும் கொஞ்சமே போதும்.

மூணாவது, ஆட்டம். ஏலகிரி ஏறினவங்களுக்குத் தெரியும், 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் புலவர் பேரும் பாரி, காரி, ஓரின்னு வள்ளல் பேரும் வச்சிருக்காங்க. அந்த வளைவுகள்ல டிக்கிக்குள்ள கட்டாம வச்ச சிலிண்டர் என்ன பண்ணும்? உருளும். ரெகுலேட்டர் மாட்டியபடியே இருந்தா, அதுதான் முதல்ல அடி வாங்கும். டியூப் அண்டாவோட விளிம்புல உரசும். வாஷர் தேயும். சாஞ்சு படுத்த சிலிண்டர்ல இன்னொரு சிக்கல், வாயுவுக்குப் பதிலா திரவமே டியூபுக்குள்ள வரும். அப்ப பர்னரப் பத்த வச்சா சுடர் ஆள் உயரத்துக்கு எழும்பும். சிலிண்டர் எப்பவும் நிமிர்ந்தே நிக்கணும்னு சொல்றது இதுக்குத்தான்.

வெளிநாட்டுக் கேரவன்கள்ல இத எப்படி சமாளிச்சாங்கன்னு பார்த்தா, ரொம்ப எளிமையான ஏற்பாடு. சிலிண்டருக்குத் தனிப் பெட்டி. அது வண்டியோட உள்பக்கத்துக்குத் திறக்காது, வெளியிலருந்துதான் திறக்கணும். உள்ள இடுக்கு இல்லாம அடைச்சிருப்பாங்க. அந்தப் பெட்டியோட அடியில ஓட்டை. கனமான வாயு தானா ரோட்டுல இறங்கிப் போயிடும். சிலிண்டர வாரு போட்டு நிமிர்த்திக் கட்டியிருப்பாங்க. வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி வால்வ மூடணும். உள்ள அடுப்புல சுடர் அணைஞ்சா தானா கேஸ நிறுத்துற கருவி. மேலயும் கீழயும் மூட முடியாத காத்து வழி. இது ஒவ்வொண்ணுக்கும் ஐரோப்பாவுல, அமெரிக்காவுல தரநிலை எழுதி வச்சிருக்காங்க. நம்ம டூரிஸ்ட் பஸ் டிக்கிய இதோட ஒப்பிட்டா சிரிப்பு வராது.

இதுல அந்த 'மூட முடியாத காத்து வழி' ஏன்னு பலருக்குப் புரியறதில்ல. கேஸ் கசியாம ஒழுங்கா எரிஞ்சாக்கூட ஆபத்து இருக்கு. மூடின சின்ன இடத்துல எரியும்போது ஆக்சிஜன் குறையும், சரியா எரியாம கார்பன் மோனாக்சைடு வரும். இதுக்கு நிறம் இல்ல, வாசனை இல்ல, மெர்காப்டன் மாதிரி காவல்காரனும் இல்ல. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அப்படியே போயிடும். 2024 டிசம்பர் 23, கேரளாவுல வடகரை பக்கம் ரோட்டோரமா நின்ன ஒரு கேரவன்ல ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. அடியில ஓடின ஜெனரேட்டரோட புகை, தரையில இருந்த ஓட்டை வழியா உள்ள ஏறி, ஏ.சி.க்காக மூடியிருந்த வண்டிக்குள்ள நிறைஞ்சிருக்குன்னு கோழிக்கோடு என்.ஐ.டி. குழு சோதிச்சுச் சொன்னது. அது அடுப்பு இல்லதான், ஆனா விஷம் அதே விஷம். காவலூர் தொலைநோக்கி இருக்கிற பக்கம் குளிர்காலத்துல ராத்திரி வேனுக்குள்ள தூங்கியிருந்தா, கண்ணாடிய முழுசா ஏத்திவிட எவ்வளவு ஆசை வரும்னு தெரியும். குளிர் விட்டுப் போகட்டும்னு உள்ளயே சின்ன அடுப்பப் பத்த வைக்கிறவங்க உண்டு. அத மட்டும் செய்யவே கூடாது.

இலங்கையில நடந்ததையும் சொல்லியாகணும். 2021 கடைசியில அங்க நூத்துக்கணக்கான வீடுகள்ல கேஸ் கசிவும் வெடிப்பும். ஜனாதிபதி அமைச்ச குழு விசாரிச்சப்போ, சிலிண்டருக்குள்ள புரோப்பேன் - பியூட்டேன் விகிதத்த மாத்தினது முக்கியக் காரணம்னு சொன்னாங்க. புரோப்பேன் கூடினா அழுத்தம் கூடும், பழைய அழுத்தத்துக்குன்னு செஞ்ச வாஷரும் டியூபும் தாங்காது. கேஸ், வால்வு, ரெகுலேட்டர், டியூப், பர்னர் எல்லாம் ஒரே சங்கிலி. ஒரு கண்ணிய மாத்தினா மத்ததும் மாறணும். நம்ம சமையல் மாஸ்டருங்க வீட்டு சிலிண்டர், கடையில வாங்கின ஹை பிரஷர் ரெகுலேட்டர், எங்கயோ கிடைச்ச டியூப்னு கலந்து மாட்டுறதப் பார்க்கும்போது இந்த இலங்கைக் கதைதான் ஞாபகம் வருது.

சட்டம் என்ன சொல்லுது? 1989ஆம் வருஷ ரயில்வே சட்டத்துல 164ஆம் பிரிவு, ஆபத்தான பொருள ரயில்ல கொண்டு வந்தா 3 வருஷம் வரைக்கும் சிறை, இல்லைன்னா 1000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். அந்த ஆயிரம் ரூபாய் 1989லயே பெரிய தொகை இல்ல. வீட்டு சிலிண்டர வேற உபயோகத்துக்கு எடுக்கக் கூடாதுன்னு 2000ஆம் வருஷத்து எல்.பி.ஜி. ஆணை இருக்கு. அதாவது சட்டப்படி பார்த்தா டிக்கியில இருக்கிற அந்த 14.2 கிலோ அங்க இருக்கவே கூடாது. ஆனா இருக்கு. எல்லாருக்கும் தெரியும். செக்போஸ்ட்ல பெர்மிட்டும் டாக்ஸும்தான் பார்ப்பாங்க, டிக்கிக்குள்ள சிலிண்டர் கட்டியிருக்கான்னு குனிஞ்சு பார்க்கிறதில்ல. மதுரைக்கு அப்புறம் ரயில்ல கெடுபிடி வந்தது. ரோட்டுல பெருசா மாறின மாதிரி எனக்குத் தெரியலை.

ரயில்வேக்குள்ளயே ஒரு மாற்றம் நடந்திருக்கு. பழைய பான்ட்ரி கார்ல கேஸ் அடுப்புலதான் சமையல். புதுசா வந்த எல்.எச்.பி. வண்டிகள்ல அதக் கைவிட்டு, மின்சாரத்துல சூடு பண்ற ஏற்பாட்டுக்குப் போனாங்க. ஓடுற வண்டியில சுடர் வேண்டாம்னு முடிவெடுக்க அவங்களுக்கே இவ்வளவு காலம் ஆச்சு. பஸ்ஸுல அதுக்கு வழியில்ல, அவ்வளவு மின்சாரம் கிடையாது. அதனால பஸ் சமையல் இன்னும் பல வருஷம் கேஸ்லதான் நடக்கும். நிறுத்துங்கன்னு சொன்னா யாரும் நிறுத்தப் போறதில்ல. எப்படி செய்யணும்னு சொல்றதுதான் நடைமுறை.

மாட்டு வண்டிக்காரர் செஞ்சதுதான் அது. அடுப்ப வண்டிக்குள்ள பத்த வைக்காம, சிலிண்டரயும் பர்னரயும் கீழ இறக்கி, வண்டியிலருந்து தள்ளி, காத்தோட்டமான சமதரையில சமைக்கிறது. சமைச்சு முடிஞ்சதும் முதல்ல சிலிண்டர் வால்வ மூடி, டியூபுல மிச்சம் இருக்கிறது எரிஞ்சு தீர்ந்த பிறகு பர்னர மூடுறது. ரெகுலேட்டரக் கழட்டி, வால்வுக்கு அந்த பிளாஸ்டிக் மூடியப் போட்டு, நிமிர்த்தி வச்சு கயிறு போட்டுக் கட்டுறது. மாட்டுற இடத்துல சோப்புத் தண்ணி தடவிப் பார்க்கிறது, தீக்குச்சி உரசிப் பார்க்கிறவங்க இன்னமும் இருக்காங்க! கசிவுன்னா 1906ங்கிற நம்பர் 24 மணி நேரமும் எடுக்குது, இது நிறைய பேருக்குத் தெரியாது.

ஆனா 'வண்டிய விட்டுத் தள்ளி'ன்னு சொல்றது சுலபம், எங்க தள்ளிப் போறது? இங்கதான் நம்ம மாவட்டத்துக் கதை ஒண்ணு வருது. மதுரை நடந்து 16 நாள்ல, 2023 செப்டம்பர் 11 விடிகாலை, நாட்றம்பள்ளி பக்கம் பெங்களூர் - சென்னை நெடுஞ்சாலையில ஒரு சுற்றுலா வேன் பஞ்சராகி நின்னுச்சு. தர்மஸ்தலா போயிட்டு ஊர் திரும்பின ஜனங்க. இறங்கி ரோட்டு நடுவுல உக்காந்திருந்தாங்க. பின்னாடி வந்த மினி லாரி வேன்ல மோதி, வேன் அவங்க மேல சாஞ்சு, 7 பெண்கள் இறந்தாங்க. அங்க கேஸும் இல்ல, அடுப்பும் இல்ல. வெறுமனே நிக்கிறதுக்கு ஒரு இடம் இல்ல, அவ்வளவுதான். சமைக்கிற கூட்டம் அதே மாதிரி ரோட்டோரத்துலதான் ஒண்ணரை மணி நேரம், ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்கு.

மங்கம்மாள் சாலையில சத்திரம் கட்டி வச்ச நாடு இது. இப்ப வாணியம்பாடியிலருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் ஆறு வழியில வண்டி பறக்குது. நடுவுல லாரி நிறுத்த இடம் இருக்கு, பெட்ரோல் பங்க் இருக்கு, பங்க்ல அடுப்பு பத்த வைக்க முடியாது. ரோட்ட விட்டு அம்பதடி உள்ள, ஒரு சிமெண்ட் மேடை, ஒரு தகர ஷெட், ஒரு தண்ணிக் குழாய். மார்கழியில மட்டும் திறந்து வச்சாக்கூட போதும். மேஸ்திரி ஒருத்தர்கிட்ட சும்மா பேச்சுவாக்குல கேட்டேன், ரெண்டு வாரத்து வேலைன்னார்.